இது அவர் காது இல்லை

கோவில்பட்டியில் நான் போட்ட முதல் உருவப்படம் கண் மூடியிருந்த ஒருவருடையது. 1970. எனக்கு வயது பதினேழு. எட்டையபுரம் சாலையில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் பெரிதாக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே புகைப்படம் இறந்த அன்று எடுத்ததுதான். நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க ஒரு படம். காரியம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார்கள். நாற்காலியில் இருப்பவரைத் தனியாகப் பிரித்து, கண்ணைத் திறந்து, சட்டை போட்டு, உயிரோடு இருப்பவராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். “கண்ணைத் திறந்து கொடுத்திருங்க” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

எனக்கு வந்த படத்தில் இருந்தவருக்கு நாடிக்கட்டு கட்டியிருந்தது. தாடை விழாமல் இருக்க மோவாயிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணி. படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டேன். துணியில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வரைந்தேன். கண்ணைத் திறப்பது சிரமமாக இருக்கவில்லை. இமையின் வளைவு கண்ணின் அளவைக் காட்டிக் கொடுத்துவிடும். வாயும் மூக்கும் வந்துவிட்டன. நாடிக்கட்டு மறைத்திருந்த இடத்தில் மட்டும் எனக்குத் தெரிந்த ஒரு காதைப் போட்டேன். அது என் அப்பாவின் காது என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த அம்மா வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். விரல் நுனியெல்லாம் மருந்து ஏறிச் சிவந்திருந்தது.

“கண்ணு அவுகளுதுதான். வாயும் சரிதான். காது அவுக காது இல்லையே தம்பி.”

நான் நாடிக்கட்டைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. வெளியே சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டிருந்த தன் சின்ன மகனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, தலையைத் திருப்பிக் காட்டினார். “இவனுக்கு அப்படியே அவுக காது.” அந்தப் பையனை ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் முறையாகக் கட்டம் இல்லாமல், எதிரில் இருக்கிற உயிரைப் பார்த்து வரைந்தேன். மடல் மேலே சற்று முன்னால் மடங்கியிருந்த காது. வரைந்து முடித்ததும் அந்த அம்மா படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சரியாக வந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஸ்டூடியோக்கார அண்ணாச்சி அன்று சாயங்காலம் சொன்னார்: “ஏலே, ரோட்டுல போறவனுக்கு மூஞ்சி போதும். கூட இருந்தவளுக்குக் காதும் வேணும்.”

கோவில்பட்டிக்காரனாகிய எனக்குப் படம் போடுகிற ஆசை வந்ததில் வியப்பில்லை. கொண்டைய ராஜு எங்கள் ஊரில் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை வரைந்தபடி ஊர் ஊராகப் போய், 1940களில் கோவில்பட்டியில் வந்து நிலைத்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் போனார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் போட்ட ஒரு சாமியாவது இருக்கும். அண்ணாச்சி காலையில் கடை திறந்ததும் அந்தக் காலண்டருக்குத்தான் ஊதுபத்தி காட்டுவார். சாமிக்கா, வரைந்தவருக்கா என்று நான் கேட்டதில்லை.

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வரும். முருகனின் காது சரியில்லை என்று சொல்ல யாரும் வரப்போவதில்லை. யாரும் பார்த்திராத முகத்தை வரைகிறவனுக்கு அது சுகம் என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு கடினம் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அதைப் புரியவைத்தது வள்ளுவர் படம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அறுபதுகளின் கடைசியில் அந்தப் படம் எங்கள் வகுப்புக்கு வந்தது. அப்போதே பேருந்துகளில் குறள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். வலது கையில் எழுத்தாணி, இடது கையில் ஓலைச்சுவடி, வெள்ளை ஆடை, முடிந்த சிகை, தாடி. நெற்றியில் எந்தக் குறியும் இல்லை. வகுப்பில் யாருமே “இவர் யார்?” என்று கேட்கவில்லை. பார்த்த உடனே வள்ளுவர் என்று தெரிந்துவிட்டது. அவரை நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் ஏற்கெனவே பழகியவர் போலிருந்தார். டிராயிங் மாஸ்டர்தான் சொன்னார், அதை வரைந்தவர் கே. ஆர். வேணுகோபால் சர்மா, சினிமாவில் வேலை பார்த்தவர் என்று. சினிமாக்காரர் வள்ளுவரை வரைவாரா என்று எங்களுக்கு ஒரே ஆச்சரியம். சினிமா என்றால் எங்களுக்கு நடிகர்கள்தான். சுவரையும் தூணையும் நாற்காலியையும் யோசித்து வைக்கிற ஒருவர் அங்கே இருப்பார் என்பதே தெரியாது.

1977இல் நான் சென்னைக்கு வந்தேன். அண்ணாச்சியின் மைத்துனர் ஒருவர் கோடம்பாக்கத்தில் செட் பெயிண்டராக இருந்தார். அவர் சொல்லி ஒரு ஆர்ட் டைரக்டரிடம் பிரஷ் கழுவுகிற பையனாகச் சேர்ந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய் வள்ளுவர் கோட்டத்தைப் பார்த்தேன். திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. திருவாரூர்த் தேரைப் போன்ற கல் தேர்; கணபதி ஸ்தபதியின் வேலை. குறள் அத்தனையும் கல்லில். கோவில்பட்டி வகுப்பறையில் பார்த்தவருக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தபடி நின்றேன்.

எங்கள் சாரை, ஆர்ட் டைரக்டரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். அவர் அப்படித்தான் விரும்பியிருப்பார். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஆளைப் பார்த்து ஆயில் கலரில் உருவப்படம் போடுவதில் தேர்ந்தவர். கல்லூரிப் பட்டமளிப்பு மண்டபங்களிலும் வக்கீல் வீடுகளிலும் அவர் போட்ட படங்கள் இருந்தன. அதில் குடும்பம் நடத்த முடியாமல் சினிமாவுக்கு வந்தவர். தனக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். ஜெமினியின் ‘சந்திரலேகா’வுக்கு அந்த முரசுகளையும் அரண்மனையையும் யோசித்த ஏ. கே. சேகரைப் பற்றிச் சொல்வார். 1957இல் ‘மாயாபஜார்’ படத்துக்காகக் கோகலேயும் கலாதரும் செய்த வேலையைச் சொல்வார். மாதவபெத்தி கோகலே அடிப்படையில் ஓவியர். துவாரகையை முதலில் காகிதத்தில் வரைந்தார். ஆசாரிகளும் மோல்டர்களும் அதைப் பார்த்துக் கட்டினார்கள். கேமராமேன் மார்கஸ் பார்ட்லி அதன்மேல் நிலவைக் கொண்டுவந்தார். “அந்தப் படத்துல யாருமே பார்க்காத ஊரைக் கட்டினாங்கய்யா. பார்த்தவங்க எல்லாம் துவாரகை இப்படித்தான் இருக்கும்னு வீட்டுக்குப் போனாங்க” என்பார்.

செட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை, நன்றாகச் செய்தால் படவும் கூடாது. சவுக்குக் கம்பு, பிளைவுட், சாக்கு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஆணி, வஜ்ஜிரம். இவ்வளவுதான் அரண்மனைக்கும் குடிசைக்கும். கட்டுவது மூன்று நாள் வேலை என்றால், பழசாக்குவது இரண்டு நாள் வேலை. புதுச் சுவர் கேமராவில் அட்டையாகத் தெரியும். டீ டிகாஷனையும் கரித்தூளையும் கலந்து அடிப்போம். பாசி பிடித்த இடத்துக்கு மரத்தூளைப் பச்சை கலந்து ஒட்டுவோம். சார் எங்களை உண்மையான வீடுகளுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைப் படிக்கச் சொல்வார். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்ட அழுக்கு எந்தப் பக்கம் அதிகம்? தாத்தா தினமும் சாய்ந்து உட்காருகிற தூணில் எண்ணெய்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது? படம் மாட்டியிருந்து எடுத்துவிட்ட இடத்தில் சுண்ணாம்பு எப்படி ஒரு சதுரமாகப் புதிதாகவே இருக்கிறது? “சுவரும் மூஞ்சிதான்யா. யார் கூட வாழ்ந்துதுன்னு அதுல எழுதியிருக்கும்” என்பார். எனக்கு நாடிக்கட்டு போட்ட அந்த முகமும், மடங்கிய காதும் ஞாபகம் வரும்.

உருவப்படம் போடத் தெரிந்தவன் என்பதால் பிரஷ் கழுவுகிற வேலையிலிருந்து சீக்கிரமே விடுதலை கிடைத்தது. தமிழ்ப் படத்தில் கூடம் என்று ஒன்று இருந்தால் அதில் இறந்துபோன அப்பா ஒருவர் இருப்பார். மாலை, கீழே சிவப்புச் சீரோ வாட்ஸ் பல்பு. மகன் அந்தப் படத்தைப் பார்த்துச் சபதம் எடுப்பான், மருமகள் அதன் முன்னால் அழுவாள். ஜமீன் பங்களா என்றால் படிக்கட்டு ஓரமாகத் தலைப்பாகை கட்டிய மூன்று தலைமுறை வேண்டும். நீதிமன்றத்துக்குக் காந்தி. பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், தலைமை ஆசிரியர் அறை எல்லாவற்றுக்கும் வள்ளுவர்.

வள்ளுவர் படம்தான் கடையில் அச்சாக விற்கிறதே, வரைய வேண்டுமா என்று நானும் கேட்டேன். அச்சுப் படத்துக்குக் கண்ணாடி இருக்கும். கண்ணாடியில் விளக்கெல்லாம் தெரியும், கேமராமேனே தெரிவார். கண்ணாடியைக் கழற்றினால் வழவழப்புக் காகிதம் அதே வேலையைச் செய்யும். சட்டத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுவது ஒரு வழி. ஆனால் டிராலி நகர்ந்தால் எங்கேயாவது ஒரு மின்னல் அடித்துவிடும். கேன்வாஸில் எண்ணெய் குறைத்து, மினுமினுப்பு இல்லாமல் வரைந்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. இன்னொன்று அந்த வெள்ளை ஆடை. அப்போது இன்னும் கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ‘அவள் அப்படித்தான்’ 1978இல் வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளைதான். அந்தப் படச்சுருளில் சுத்த வெள்ளை பூத்துப்போய்ப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தின்றுவிடும். அதனால் செட்டில் வெள்ளை என்று எதுவும் வெள்ளையாக இருக்காது. லேசான நீலமாகவோ சந்தன நிறமாகவோ இருக்கும். வள்ளுவரின் ஆடையையும் அப்படித்தான் போட்டேன். முதல் படத்தில் வெள்ளையாகவே போட்டுவிட்டேன். கேமராவில் பார்த்துவிட்டு வந்த கேமராமேன் என் தோளைத் தொட்டு, “தம்பி, பேசுறவர் மூஞ்சியைப் பார்க்கணும்ல? வள்ளுவரைக் கொஞ்சம் பின்னாடி உட்காரச் சொல்லு” என்றார். இரண்டு மணி நேரத்தில் ஆடையைச் சாம்பல் பூசிய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வள்ளுவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

இப்படி நான் போட்ட வள்ளுவர்கள் நூறுக்குமேல் இருப்பார்கள். ஒரே படத்தை நூறு முறை வரைகிறவனுக்கு, அதை முதலில் வரைந்தவரோடு ஒரு பேச்சுவார்த்தை ஏற்பட்டுவிடும். அவர் எங்கே தயங்கினார், எங்கே தயங்கவில்லை என்று கைக்குத் தெரியும். நாற்பது ஐம்பது வள்ளுவர்களுக்குப் பிறகு ஒருநாள் எனக்குப் பட்டது: இந்தப் படத்தை ஒரு செட்காரர்தான் வரைந்திருக்க முடியும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வள்ளுவருக்கு ஒரு ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சம் கிடையாது. முகத்தில் ஆழமான நிழல் விழவில்லை. எந்த அறையில், எந்தச் சுவரில், எந்த உயரத்தில் மாட்டினாலும் அந்த இடத்து வெளிச்சத்தோடு சண்டை போடாது. இருபது அடி தள்ளியிருந்து பார்த்தாலும் உருவத்தின் வெளிக்கோடு மட்டுமே போதும், யார் என்று தெரிந்துவிடும். நாடகத் திரையும் பேனரும் செட்டும் பழகியவர்களுக்கே அந்தக் கணக்கு கைவரும். கையில் இரண்டே பொருள், ஓலையும் எழுத்தாணியும். மூன்றாவதாக ஒன்றை வைத்திருந்தால் ஏதோ ஒரு கதை ஆரம்பித்திருக்கும். நெற்றியில் ஒரு குறி வைத்திருந்தால் வள்ளுவர் ஏதோ ஒரு தெருவுக்குச் சொந்தமாகியிருப்பார். எதைச் சேர்ப்பது என்பது எல்லா ஓவியருக்கும் தெரியும். எதை வைக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர் கலை இயக்குநர்.

அதற்குமேல் ஒரு காரியம் இருக்கிறது. முகத்தில் எங்குமே புதுச் சுண்ணாம்பு வாசனை இல்லை. இரண்டாயிரம் வருடமாகத் தெரிந்த முகம் போல் அதைச் சர்மா பழசாக்கியிருக்கிறார். எங்கள் சார் சொன்ன மாதிரி, சுவரைப் பழசாக்குவது இரண்டு நாள் வேலை. ஒரு முகத்தைப் பழசாக்க எத்தனை வருடம் ஆகுமோ! அவர் பல ஆண்டுகள் குறளோடேயே இருந்து, குறளுக்குள்ளிருந்தே அந்த உருவத்தை எடுத்தார் என்பார்கள். 1960இல் இந்திய அஞ்சல் துறை அந்த உருவத்தைத் தபால்தலையில் போட்டது. 1964இல் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் சட்டமன்றத்தில் அந்தப் படத்தைத் திறந்துவைத்தார். அதன் பிறகு அலுவலகம், பள்ளி, பேருந்து, பாடப்புத்தகம். கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. அந்த முகம் மாறவில்லை. கையெழுத்து யாருடையது என்று பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. கலை இயக்குநருக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனாலும் அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எங்கள் டிராயிங் மாஸ்டர் ஒருவர் சொன்னார் என்பதால் எனக்குத் தெரியும்; எத்தனை மாஸ்டர்கள் சொன்னார்கள்?

பாரதிக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று தோன்றும். அவருக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். ஆனால் ஊரெல்லாம் அறிந்த தலைப்பாகைப் பாரதியை வண்ணத்தில் நமக்குக் கொடுத்தவர் ஆர்யா என்ற பாஷ்யம். 1932இல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடியைக் கட்டிய அதே பாஷ்யம்தான். 2000இல் ‘பாரதி’ படம் வந்தபோது அதற்குக் கலை இயக்கம் செய்து தேசிய விருது வாங்கியவர் பி. கிருஷ்ணமூர்த்தி, எழும்பூர்க் கல்லூரியில் படித்த ஓவியர். கன்னடத்தில் ‘ஹம்சகீதே’, ‘மத்வாச்சார்யா’, மலையாளத்தில் ‘ஒரு வடக்கன் வீரகாதா’ என்று யாரும் பார்த்திராத நூற்றாண்டுகளைக் கட்டி எழுப்பியவர் அவர். ‘பாரதி’யை நான் தியேட்டரில் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை கதையைப் பார்த்தேன். இரண்டாம் முறை சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரதி சாய்ந்து உட்காருகிற இடத்தையெல்லாம் அவர் யோசித்திருந்தார்.

என் கதைக்கு வருகிறேன். சார் 1986இல் இறந்துபோனார். அவருடைய படத்தை நான்தான் போட்டேன். கண் திறந்திருந்த புகைப்படங்கள் நிறைய இருந்தன. அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. டைரக்டர்கள் கேமராவைக் கிராமத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். நிஜத் திண்ணை கிடைக்கும்போது செட் எதற்கு என்ற கேள்வி வந்தது. ஃப்ளோர்கள் காலியாகக் கிடந்தன. தோட்டா தரணி 1987இல் ‘நாயகன்’ படத்துக்காகத் தாராவியைச் சென்னையிலேயே கட்டியபோது எங்கள் ஆட்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அவரும் ஓவியர்தான். அடுத்த சில வருடங்களில் நானும் சில படங்களுக்கு ஆர்ட் டைரக்டராக இருந்தேன். பெயர் திரையில் வந்தது. அம்மா கோவில்பட்டியில் பார்த்தாள். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதற்குமுன் 1982இல், சாரிடம் இருந்தபோது நடந்தது.

ஒரு படத்தில் இறந்த அப்பாவாக ஒரு முதிய குணச்சித்திர நடிகரின் படம் வேண்டும். அவர் அந்தக் கதையில் முதல் இரண்டு ரீலில் நடித்துவிட்டு இறந்துபோகிறவர். உயிரோடு இருக்கிற நடிகருடைய படத்துக்கு மாலை போடுவது ஃப்ளோரில் யாருக்கும் பிடிக்காத வேலை. சிலர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். சிலர், ஷாட் முடிந்த உடனே மாலையைக் கழற்றித் திருஷ்டி சுற்றச் சொல்வார்கள். இவர் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். “போட்டோவைப் பார்த்துப் போடாதீங்க தம்பி. என்னைப் பார்த்தே போடுங்க. இருக்கும்போதே உட்கார்ந்துடுறேன்” என்றார். நான்கு காலைகள், ஜன்னலோரம். அவ்வப்போது தன் நாடகக் கம்பெனி நாட்களைச் சொல்வார். பேசும்போது முகம் மாறிவிடும், நான் பிரஷை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். காதை முதலில் போட்டுவிட்டேன். எனக்கு அது பழக்கமாகியிருந்தது. அவருக்குக் காது மடல் நீளம், நுனியில் சிறுவயதில் கடுக்கன் போட்டிருந்த ஓட்டை தூர்ந்துபோன ஒரு புள்ளி.

செட்டில் மாட்டி, மாலை போட்டு, சிவப்பு பல்பு எரிந்தபோது அவரே வந்து எதிரில் நின்றார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேலே பரணில் நின்ற லைட்மேன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைக் கூப்பவில்லை. சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா வச்சிருக்கீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மேக்கப் அறைக்குப் போய்விட்டார்.

படம் முடிந்ததும் அந்தக் கேன்வாஸ் மற்ற சாமான்களோடு கம்பெனியின் சரக்கறைக்குப் போய்விட்டது. எனக்குக் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியிலும் யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

1991இல் அவருடைய மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அப்பா இறந்து இரண்டு மாதம். சினிமாவில் எடுத்த ஸ்டில்கள் நிறைய இருந்தன. ஆனால் எல்லாம் வேஷம். விபூதி பூசிய பண்ணையார், மீசை வைத்த போலீஸ்காரர், ஒட்டுத் தாடி வைத்த சாமியார். “அப்பா அப்பாவாவே இருக்கிற படம் நீங்க போட்டதுதான்னு அம்மா சொல்றாங்க. அது எங்கேயாவது இருக்குமா?”

கம்பெனி மூடி, சாமான்களெல்லாம் வடபழனியில் ஒரு புராப்பர்ட்டி வாடகைக் கடைக்குக் கைமாறியிருந்தன. இரண்டு பேரும் போனோம். சிம்மாசனங்களுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் பின்னால் உருவப்படங்கள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. அவற்றில் என் வள்ளுவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர் படம் இல்லை. அளவை வைத்து, சட்டத்தின் மூலையில் ஆசாரி அடித்திருந்த ஆப்பை வைத்து, அந்தக் கேன்வாஸை நான் கண்டுபிடித்தேன். அதில் இப்போது வேறொருவர் இருந்தார். முறுக்கு மீசையும் பெரிய தலைப்பாகையுமாக ஒரு ஜமீன்தார். நடுவில் ஏதோ ஒரு படத்துக்கு அவசரமாக ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது. பழைய முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிங்க் வொயிட் பூசி, அதன்மேல் போட்டுவிட்டார்கள். போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. நானும் அப்படி எத்தனையோ பேரின் அப்பாக்கள்மேல் போட்டிருக்கிறேன். கேன்வாஸ் விலை அப்படி.

மகன் ஒன்றும் பேசவில்லை. நான் படத்தை வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். முகத்தின் நடுவே எதுவும் மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனால் தலைப்பாகைக்கு வெள்ளைப் பூச்சு தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். அடர்ந்த அரக்கு நிறத்தை நேராகவே போட்டிருந்தார்கள். பிளேடால், எண்ணெய் தொட்டுத் தொட்டு, தலைப்பாகையின் இடது ஓரத்தைச் சுரண்டினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அரக்குக்கு அடியில் தோல் நிறம் வந்தது. பிறகு ஒரு வளைவு. நீளமான மடல். அதன் நுனியில் தூர்ந்துபோன கடுக்கன் புள்ளி.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மகன், “அப்பா காது” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அந்த ஜமீன்தாரை முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தோம். புதுத் துணி அடித்து, நான் போட்ட காதின் அளவைக் கவராயத்தால் எடுத்து, அதை முதலில் வைத்தேன். அங்கிருந்து தாடை எவ்வளவு தூரம், கண் எவ்வளவு தூரம் என்று ஜன்னலோரத்து அந்த நான்கு காலைகளையும் கை ஒவ்வொன்றாகத் தேடியது. கன்னத்து எலும்பில் வந்து நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மகன் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்த வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திரும்பி உட்காருங்க” என்றேன்.